மலைக்குப் போகாத ஞாயிறு

அம்மாவுக்கு, உங்கள் மல்சூன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? கிம்ச்சி ஊறப்போடக் கோஸ் கழுவ நீங்கள் குனியாதீர்கள், அப்பாவிடம் சொல்லுங்கள்.

நான் சுகம். ஞாயிறன்று சிவந்த இலைகளைப் பார்க்க அறைத் தோழிகளோடு மலைக்குப் போவதாக இருந்தேன். வழியில் சாப்பிடச் சோறு வைத்துக் கிம்பாப்கூடச் சுருட்டிவிட்டோம். காலையில் மேலாளர் வந்து, அவசர ஆர்டர் என்று எல்லாரையும் தையல் மிஷினில் உட்கார வைத்துவிட்டார். எரிச்சலில் ஊசியை உடைத்தேன்.

"மலை எங்கயும் ஓடிராதுடி," என்றாள் பக்கத்து மிஷின் ஒக்பூன் அக்கா.

"இலை ஓடிரும்க்கா."

மதியம், குளிருக்காகச் சன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் மூட ஓர் ஆள் வந்தார். மூடினால் வசந்தம் வரை வெளியே எதுவும் தெரியாது. என் சன்னலுக்கு வெளியே ஒரு கிங்கோ மரம் இன்னும் மஞ்சளாக நிற்கிறது. எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

"இத மட்டும் விட்டுருங்கண்ணே."

"விறைச்சுப் போவ புள்ள."

"பரவால்ல."

"அட, இவளுக்குப் பேச வருது," என்று அக்கா சிரித்தாள்.

அவர் விட்டுவிட்டார். இப்போது காற்று விரலை வெட்டுகிறது. அக்கா என்னைத் திட்டிக்கொண்டே தைக்கிறாள். பஞ்சு வைத்த என் மேல்சட்டையைச் சீக்கிரம் அனுப்புங்கள். உங்கள் பழையது இருந்தால் அக்காவுக்கும் வையுங்கள். மரம் மொட்டையானதும் நானே மூடச் சொல்லிவிடுவேன்.

மணி அடிக்கிறது, போகிறேன்.

மல்சூன்