பெரிய எழுத்தில் தம்பியின் புத்தகம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் வாசிப்புக் கருவியில் இன்று ஒரு துப்பறியும் கதை ஏற்றிக் கொடுத்தேன். இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டு வைத்திருந்த கோப்பு. தட்டச்சு செய்த புண்ணியவான் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டியிருக்கிறார். அப்பாவின் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு வரி முழுசாக வருகிறது, அடுத்த வரியில் ஒற்றைச் சொல் அநாதையாகத் தொங்குகிறது. நடுநடுவே பழைய பக்க எண்கள் வேறு. கொலைகாரன் கத்தியை ஓங்குகிறான், அங்கே 47 என்று நிற்கிறது.

வரி முடிவுகளை எடுத்துவிட்டுப் பத்தி முடிவுகளை மட்டும் வைத்தேன். தலைப்புகளுக்குக் குறி போட்டேன். ஓரத்தைக் குறைத்து, வரிகளுக்கு இடையே கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தேன். ஆய்வகத்தில் பகலெல்லாம் அடுத்தவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் இந்த வேலை.

அப்பா நாலு பக்கம் புரட்டினார். "இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கலாம்" என்றார்.

பக்கத்து வீட்டு டாக்டர் வந்தபோது கருவியைத் தூக்கிக் காட்டினார். "என் பையன் வாங்கிக் குடுத்தது."

தம்பி வாங்கிக் கொடுத்தான்தான். பெட்டியோடு அனுப்பி வைத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவன் போன் செய்தான். அவன் புத்தகம் வெளிவந்துவிட்டதாம். அப்பாவையும் அம்மாவையும் பற்றியது.

"அச்சுல இருக்கிற எழுத்து அப்பாவுக்குத் தெரியாதுக்கா. கோப்பு அனுப்புறேன். நீதான் பெரிய எழுத்துல படிக்கிற மாதிரி பண்ணிக் குடுக்கணும்."

"நாவலாடா?"

"நாவல் இல்லைக்கா, நினைவுகள். எல்லாம் நடந்ததுதான். படிச்சவங்க அழுதுட்டாங்களாம்."

அப்பாவிடம் சொன்னேன். அம்மா போனதற்குப் பிறகு அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

கோப்பு வந்தது. அச்சகத்துப் பழைய எழுத்துருவில் இருக்கிறது. மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கால்கள் எல்லாம் கழன்று கிடக்கின்றன. நாள் முழுக்க ஒட்டினேன். இந்த வேலையில் கதை கண்ணில் படாது. எது எங்கே ஒடிந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நாளைக்கு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

படித்தேன்.

முதலில் நம்பவில்லை. நான்தான் ஏதோ பத்தியை விட்டுவிட்டேன் என்று நினைத்து, தேடும் கட்டத்தில் "அக்கா" என்று போட்டேன். ஒரே இடத்தில் வந்தது. நர்ஸ் அக்கா.

அம்மாவின் கடைசி மாதங்கள் ஒரு முழு அத்தியாயம். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிறான். முதுகுப் புண்ணைத் துடைக்கிறான். தலைவாரிவிடுகிறான். "அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறான். நிஜத்தில் அவன் வந்தது கடைசி இரண்டு நாள். அதில் ஒரு நாள் பயணக் களைப்பென்று தூங்கினான். புண்ணின் நாற்றம் தாங்காமல் வாசலில் போய் நின்றவன், அதைத் துடைத்தேன் என்று எழுதுகிறான். நன்றாக எழுதுகிறான், அதுதான் எரிகிறது. எந்தப் பஞ்சு, எந்த மருந்து எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் நான் போனில் சொன்னது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் முழு அக்காவை மறைத்துவிட்டான்.

மார்ச் 17, திங்கள்

ஒரே குழாய் இரத்தத்தை இரண்டு தடவை சோதித்தேன். கூட வேலை பார்க்கும் சுருட்டைமுடிக்காரி பிடுங்கிக்கொண்டாள். "போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வா, ஆளைக் கொன்னுடப் போறே."

மார்ச் 19, புதன்

அம்மாவின் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தேன். "அக்கா அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்." அவன் நடையிலேயே அச்சு அசலாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. எழுத்தளவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது.

அப்புறம் அழித்தேன்.

ஏன் அழித்தேன்? நல்லவள் என்பதாலா? கிடையாது. நான் இருந்த வீட்டுக்குள் நானே திருட்டுத்தனமாக நுழைய வேண்டுமா? சீ!

மார்ச் 22, சனி

புத்தகத்தை ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வரிகூட ஒடியவில்லை. தலைப்பைத் தொட்டால் அத்தியாயம் திறக்கிறது. இதுவரை செய்ததிலேயே இதுதான் நேர்த்தி. என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 29, சனி

அப்பா இன்று அம்மாவின் அத்தியாயத்தை முடித்தார். நான் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்ததும், மதியம் முழுக்கப் படித்தார். நான் துணி மடிக்கிற சாக்கில் அதே அறையில் இருந்தேன். கருவியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அழுகை வந்துடுச்சும்மா. நல்லா எழுதியிருக்கான்."

நான் காத்திருந்தேன். 

"அதுல நான் எங்கப்பா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "கவனிச்சேன்" என்றார்.

கவனித்தாராம்!

"கவனிச்சீங்கல்ல? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எதுக்கும்மா? யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவன் பாவம், தூரத்துல இருந்துட்டான். அந்தக் குறை அவனுக்கு இருக்காதா? நாலு பேர் முன்னாடி அவனும் ஒரு பிள்ளையா நின்னுட்டுப் போறான்."

"அப்ப நான்?"

"உனக்கென்னம்மா, நீ இங்கேயேதானே இருக்கே."

மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. 

மார்ச் 31, திங்கள்

வேறு ஊரில் திறக்கிற கிளைக்குப் பொறுப்பாகப் போகிறாயா என்று ஆய்வக மேலதிகாரி போன வருடமே கேட்டார். அப்பாவைக் காட்டி மறுத்தேன். இன்று நானாகப் போய், அந்த இடம் இன்னும் காலியா என்று கேட்டேன்.

"அப்பாவை யார் பாத்துக்குவாங்க?"

"தம்பி. புத்தகமே எழுதியிருக்கான் மேடம்."

ஏப்ரல் 5, சனி

இடம் கிடைத்துவிட்டது, நான் போகிறேன், அப்பாவை நீ வந்து பார்த்துக்கொள் என்று சின்னவனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்தான்.

"என்னக்கா திடீர்னு? எனக்கு அடுத்த புத்தகம் பாதியில நிக்குது."

"எழுதினவரைக்கும் போதும்டா. எழுதினதைச் செய்."

"அதெல்லாம் இலக்கியம்க்கா. உன்னை ஏன் விட்டேன்னா, ஆள் அதிகமானா கதை சிதறிடும். நீ தப்பா எடுத்துக்காதே."

"சிதறாம நானே விலகிக்கிறேன்."

வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றான். அப்பாவிடம் கேட்டுக்கொள் என்றேன். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க வெளி ஆள் வந்தால் அவர் எப்படிக் கத்துவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சரி.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னவன் மனைவியோடு வந்து இறங்கிவிட்டான். அவள் என் அறையைச் சுற்றிப் பார்த்து, "அண்ணி, அலமாரி காலியாயிடுமா?" என்றாள். ஆகும் என்றேன்.

மருந்து, மாத்திரை, குளியல், எந்தப் பக்கம் படுத்தால் வலி, எல்லாம் சொன்னேன். கடைசியாக வாசிப்புக் கருவி. வரி முடிவை எப்படி எடுப்பது, பத்தியை எப்படிக் காப்பாற்றுவது என்று செய்து காட்டினேன்.

"இவ்வளவு வேலையா இதுல?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

மே 3, சனி

கிளம்பினேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் தூங்கும்போது வாய் திறந்திருக்கும். மூடியிருந்தது.

மே 20, செவ்வாய்

புது ஆய்வகம். இரண்டு பெண்கள், ஒரு பழைய நுண்ணோக்கி. வாடகை அறையில் ஒரே நாற்காலி. வேலை முடிந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 7, சனி

சின்னவன் போன். குரல் கம்மியிருந்தது. தூக்கமே இல்லையாம்.

"ரெண்டாம் பதிப்பு வருதுக்கா. உன்னைப் பத்தி ஒரு அத்தியாயம் சேக்குறேன். நீ கொஞ்சம் சொன்னேன்னா..."

"வேண்டாம்."

"கோவமாக்கா?"

"ஆமாம்" என்றேன். இதைச் சொல்ல இத்தனை நாள் ஏன் ஆனது?

ஜூன் 22, ஞாயிறு

இன்று அப்பாவே பேசினார். நான் போன பிறகு முதல் தடவை.

"சின்னவன் ரொம்பக் கஷ்டப்படுறான்மா. இளைச்சுட்டான்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"ஆமாப்பா. கஷ்டமான வேலைதான்."

  பிறகு, "உனக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்பது வருடம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கேட்டால் உடைந்துபோய் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

"எப்பம்மா வர்றே?"

"லீவு கிடைச்சா வந்து பாக்குறேம்பா" என்றேன். விருந்தாளிகள் சொல்வது போலத்தான் சொன்னேன். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

மொட்டைமாடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு ஆளுடைய துணி. ஒரு கையிலேயே அடங்கிவிட்டது.