அருவியடியில் நின்ற ஆள்

1845, மார்ச் 4
லண்டனில் இன்றும் மழை. படம் அச்சிடும் உருக்குத் தகட்டில் வானத்துக்கு மட்டும் நாலாயிரம் கோடு செதுக்கியாயிற்று. உலகத்தையே ஆறு நாளில் முடித்தார் கடவுள். எனக்கு ஒரு மேகத்துக்கே ஐந்து வாரம். ஓவியச் சங்கத்துப் பிரபுக்கள் இதைக் கைத்தொழில் என்கிறார்கள். ஒரே ஒரு நாள் இந்த உளியைப் பிடித்துப் பார்க்கட்டும்!

மார்ச் 19
ஹார்த்வைட் பள்ளத்தாக்கிலிருந்து விடுதிக்காரன் ஆம்புரோஸ் வந்திருந்தான். பன்னிரண்டு வருஷம் முன்பு அவன் ஊர் அருவியை நான் செதுக்கிய படம்தான் எனக்குப் பெயரும் அவனுக்குப் பிழைப்பும் தந்தது. அதில் அருவியடியில் தூண்டிலோடு நிற்பவன் அவனேதான். இப்போது ரயில் கம்பெனி அருவியின் தலைமேல் பாலம் கட்டப்போகிறதாம்.
"அண்ணே, பார்லிமெண்ட் கமிட்டியில நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். உங்க படத்தப் பாத்தா அழுதுருவாங்க."
"அழறதா? தொப்பியக் கழட்டி மண்டி போடுவாங்கடா!"

ஏப்ரல் 22
நாளை சாட்சி. பயமா, எனக்கா? — அருவி எத்தனை அடி? நான் அளந்ததே இல்லையே. மலை உயர வேண்டுமானால் பக்கத்தில் ஆளைக் குட்டையாகப் போடுவது. தொழிலில் எல்லோரும் செய்வதுதானே?

ஏப்ரல் 23
தொலைந்தேன். கம்பெனி வக்கீல் படத்தின்மேல் அளவுகோலை வைத்தான்.
"இந்த ஆளைப்போல நாப்பது மடங்கு அருவி. சரிதானே?"
"சரி."
"எங்க சர்வேயர் அளந்தாரு. அருவி முப்பதே அடி. அப்ப இந்த ஆளு ஒன்பது அங்குலம். இவன் மீன் பிடிக்கிறானா, மீன் இவனப் பிடிக்கப்போகுதா?"
கமிட்டி மேசையைத் தட்டிச் சிரித்தது. "ஐயா, அது நான்தாங்க!" என்று ஆம்புரோஸ் எழுந்து கத்திவிட்டான். கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று.
"சத்தியம் பண்ணியிருக்கீங்க. எது பொய், அருவியா ஆளா?" என்றான் வக்கீல்.
"ஆள்" என்றேன்.
வாசலில் ஆம்புரோஸ் வந்து பிடித்துக்கொண்டான். "நான் ஆறடி ஆளாச்சே அண்ணே. என்னை எதுக்குச் சின்னதாக்குனீங்க?"
பள்ளத்தாக்கே போகிறது, இவன் இதைக் கேட்கிறான்! — கேட்காமல் என்ன செய்வான்? தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

ஜூன் 30
பாலத்துக்கு அனுமதி தரும் மசோதா நிறைவேறிவிட்டது. பத்திரிகைகளில் நான் 'ஒன்பது அங்குல ஓவியர்'. பதிப்பாளர் எனக்குத் தருவதாயிருந்த ஸ்காட்லாந்துக் காட்சிப் புத்தகத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

1846, பிப்ரவரி 11
சோப்பு உறைக்கு ஆடு செதுக்கினேன்.

1847, அக்டோபர் 9
ரயில் கம்பெனியின் வழிகாட்டிப் புத்தகத்துக்கு ஹார்த்வைட் பாலம் வரைய வேண்டுமாம். அளவு பிசகாமல். ஒப்புக்கொண்டேன். ஆமாம், ஒப்புக்கொண்டேன், அதற்கென்ன இப்போது?
அவர்கள் ரயிலிலேயே இன்று போய் இறங்கினேன். யாரும் தங்குவதில்லை, ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிறார்கள். விடுதிக் கதவில் பலகை அடித்திருக்கிறது. ஸ்டேஷன் வாயிலில் கம்பெனித் தொப்பியோடு ஆம்புரோஸ் நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
கையை நீட்டினான்.
"டிக்கெட், சார்."