பட்டாம்பூச்சி அறையில் ஒரு கட்டை

மார்ச் 3
பூச்சிக் கூடத்தில் இனி ஒரே ஓர் அறைக்குத்தான் சூடும் ஈரமும் தருவார்களாம். என் காளான் வண்டுகளா, இளவரசியின் பட்டாம்பூச்சிகளா? நிர்வாகி வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முடிவு செய்வார். இளவரசி என்பது பக்கத்து அறையைக் கவனிக்கும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். பொறாமையில் வைத்ததுதான்.

நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அவளுடையது மழைக்காட்டு நீலம்; சிறகை விரித்தால் கூட்டம் வாயைப் பிளக்கும். என்னுடையது எப்போதும் மரப்பட்டைத் துண்டு மாதிரிதான். அவளுடையது பறந்து திரிந்து சில வாரங்களில் போய்விடும். என்னுடையது பட்ட கட்டையில் முளைத்த காளானைத் தின்று, அதிலேயே முட்டையிட்டு, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆனால் அந்த அழகி குடிப்பதும் அழுகிய பழச்சாறுதானே. அழுகலில்தான் இரண்டுக்கும் பிழைப்பு. இதை யார் கேட்கப் போகிறார்கள்?

மார்ச் 7
சொதப்பிவிட்டேன். கொம்பைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஆண் வண்டைக் கையில் எடுத்தேன். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்தது போல் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? “செத்துப்போச்சேம்மா” என்றார் நிர்வாகி. “இல்ல சார், கொஞ்சம் பொறுங்க, எழுந்துக்கும்” என்றேன். பொறுக்கவில்லை. அடுத்த அறையில் ஒரு நீலம் அவர் தோளிலேயே உட்கார்ந்ததாம்.

மார்ச் 8
பட்டாம்பூச்சிதான்.

மார்ச் 10
அயல்நாட்டு வண்டு, வெளியே விடக் கூடாது. வேறு எந்தக் கூடமும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஃப்ரீசரில் வைத்துவிடச் சொல்கிறார். முட்டையிலிருந்து நான் வளர்த்ததுங்க — எப்படி வைப்பேன்? கட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே அழுதேன்.

மார்ச் 19
இளவரசி வந்தாள். “அக்கா, உங்க கட்டைய என் ரூம்ல வெச்சுக்கட்டுமா?”

“எனக்காக யாரும் பாவம் பாக்க வேண்டாம்.”

“பாவமெல்லாம் இல்லக்கா. பழத்தட்டு வைக்க எடம் இல்ல. சார்கிட்ட மேசைன்னு சொல்லிட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எங்கே முறைப்பது? இரண்டு பேரும் சேர்ந்தே தூக்கினோம். நல்ல கனம்.

மே 2
அவளுடைய நீலங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஆயுள் அவ்வளவுதான். புதுக் கூட்டுப்புழுக்கள் சுங்கத்தில் சிக்கிக் கிடக்கின்றனவாம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உண்மையைச் சொன்னால், முதல் நாள் எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு என் மேலேயே எரிச்சல்.

மே 16
கடைசி நீலமும் போயிற்று. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நிர்வாகி சாவியோடு வந்தார். “காலி ரூமுக்கு எதுக்கும்மா ஹீட்டர்? பூட்டிடலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“பூட்டாதீங்க சார். உள்ள ஆள் இருக்கு.”