காற்றுப் புகுந்த குழாய்

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. சுக்கு மூட்டை எதையும் வெளியே எடுக்க வழியில்லை. கோடவுன் மேற்கு மூலையில் ஒழுகல். ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும். சாக்கு, சணல் வாங்க வேண்டும். கண்ணாடிக்கடைக்குப் போக வேண்டும் (மறுபடி மறந்தேன்).

மகள் நஸ்ரின் வந்திருக்கிறாள். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு, கடைசி வருஷம். நாளை சாயங்கால வண்டியில் பெங்களூர் போகிறாள். அங்கே ஒரு பெரிய காந்த இயந்திரம். ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரிதான், ஆனால் ஆளுக்குப் பதில் ஒரு குழாய் மருந்து உள்ளே போகும். வியாழன் முதல் திங்கள் வரை அவளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கிடைப்பதை வைத்துத்தான் தீசிஸ் முடிய வேண்டும். விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாதாம்.

சாப்பிடும்போது கேட்டேன், அப்படி என்னதான் செய்கிறாய் என்று. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவள் அம்மா ஹாஜிரா சிரித்துவிட்டாள்.

"அணுவுக்குள்ள ஸ்பின்னுன்னு ஒண்ணு இருக்கு அத்தா. காந்தத்துல வெச்சா ஒரு பக்கமா நிக்கும். ரேடியோ அலையால தட்டிச் சாய்ச்சா சிக்னல் குடுக்கும். ஆனா சாஞ்சதுலேர்ந்து குறைஞ்சுக்கிட்டே போகும்."

"கழிவு," என்றேன். சரக்கு காயக் காய எடை குறைவதற்கு பஜாரில் அந்தப் பேர்.

"கழிவேதான். அந்தச் சிக்னலப் பக்கத்து அணுவுக்கு மாத்தணும். மாத்துறதுக்குள்ள பாதி போயிரும்."

"வேகமா மாத்திர வேண்டியதுதான?"

"ரெண்டுக்கும் நடுவுல உள்ள பிடிப்பு அவ்வளவுதான். அதுக்கு மேல ஓடாது. அதனால மொத்தத்தையும் ஒரேயடியா சாய்க்காம, கொஞ்சங் கொஞ்சமா சாய்ச்சு, மீதிய நிக்க வெச்சே கொண்டுபோறேன். நிக்கிறதுல கழிவு கம்மி. எப்ப எவ்வளவு சாய்க்கணும்ங்கிறதுதான் என்னோட கணக்கு."

மழையில் லாரி இறக்குகிற வேலை என்றேன். தார்ப்பாயை முழுக்க அவிழ்த்தால் சரக்கு நனையும். ஒரு மூலையைத் தூக்கி நாலு மூட்டை, மூடு, மறுபடி நாலு.

"கிட்டத்தட்ட," என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. முகத்தில் சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

காலையில் மழை விட்டிருந்தது. ந. தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டி என் மேஜை மேல். அடுக்களைப் பக்கம் வைத்தால் அம்மா எடுத்து ஒதுக்கிவிடுவாள் என்று இங்கே வைத்தாளாம். மூடியில் திறக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஒட்டியிருந்தது.

பஜாரில் எவன் திறக்காதே என்கிறானோ அவன் மூட்டையைத்தான் முதலில் திறப்பேன். அப்படித்தான் ஏமாறாமல் வந்தேன். கம்பம் ஊரிலிருந்து இங்கே வந்து மூட்டை தூக்கிய காலத்திலிருந்து, கைக்கு வந்த சாம்பிளை மோந்து பார்க்காமல் விட்டதில்லை.

உள்ளே ஒரே ஒரு கண்ணாடிக் குழாய். பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் கனம். தண்ணீர் மாதிரி ஏதோ. வெள்ளைத் திருகு மூடி. திருகினேன், மோந்தேன். சாய்த்து மறுபடி மோந்தேன். ஒன்றுமில்லை. இறுக்கித் திருகி வைத்துவிட்டேன்.

தரகர் ஆன்டோ சேட்டன் வாசலில் நின்று பார்த்துவிட்டார். "எந்தா மொதலாளி, புதிய எஸன்ஸா?"

"மகளோடது. மணமே இல்ல சேட்டா."

"மணம் இல்லாத்த சரக்கு ஆரு வாங்கும்?"

ரெண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் எர்ணாகுளம் ஸ்டேஷன். பெட்டி அவள் மடியில். பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறாயே என்றேன்.

"உள்ள காத்து போயிரக் கூடாது அத்தா. ஆக்சிஜனே ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அது கரைஞ்சா ஸ்பின்னெல்லாம் சட்டுனு ஓஞ்சிரும். உறைய வெச்சு, காத்த உறிஞ்சி, இளக வெச்சு, திரும்பத் திரும்ப. ரெண்டு நாள் வேல."

வாய் வரைக்கும் வந்தது. ஒரு மூச்சு நேரம்தானே திறந்தோம், என்ன ஆகிவிடப் போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். வண்டி போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா. பள்ளிவாசலில் மனசு நிற்கவில்லை.

மதியம் ந. போன். "கழிவு நான் போட்டு வெச்சதுக்கு ரொம்ப மேல போகுது. எங்க தப்புன்னு தெரியல. என் கணக்கே தப்பு போல அத்தா."

சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். வைத்துவிட்டேன்.

குமுளிப் பார்ட்டி ஏலக்காய் சாம்பிள் அனுப்பியிருந்தான். பிரித்து மூக்குக்குக் கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. ஆன்டோ சேட்டனிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

ஹாஜிரா காலையிலேயே, "என்னங்க, பிள்ள போன்ல அழுகுது. பழைய கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்."

இனி தாங்காது. கோடவுனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன்.

"உன் கணக்கு தப்பில்லம்மா. குழாய நான் திறந்துட்டேன்."



"எப்ப?"

"நீ கிளம்புன அன்னிக்குக் காலைல."

"எதுக்கு?"

"மோந்து பாக்க."

"ஸ்டேஷன்ல ஏன் சொல்லல அத்தா? வந்த அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இங்கயே காத்த எடுத்திருப்பேன்ல? இப்ப அதுக்கு நேரமில்ல."

இப்போது இருக்கிற கழிவை அளந்து, அதற்கேற்ப எவ்வளவு சாய்ப்பது என்று புதுசாகக் கணக்குப் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். திறந்தது கூடப் போகட்டும். ஸ்டேஷனில் வாயை மூடிக்கொண்டு நின்றேனே.

ஜூலை 15, செவ்வாய்

ஓடு மாற்ற ஆள் வரவில்லை. மழை.

ந. திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரவில்லை, போன்தான். கடைசியாக ஓட்டியதில் வழக்கமான முறையை விடக் கொஞ்சம் மேலாக வந்ததாம். தீசிஸில் போடக் காணாது.

"உங்க கைடு மேடத்துக்கிட்ட என்ன சொன்ன?"

"மூடிய நான்தான் சரியாத் திருகலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன் பொய்?"

"பின்ன? எங்க அத்தா மோந்து பாத்தாருன்னா எழுத முடியும்?"

என் சரக்கில் கோளாறு என்றால் நானே போய் நின்று சொல்லுகிறவன். என் தப்பை மகள் தலையில் வைத்துவிட்டு எப்படிச் சோறு இறங்கும்? ஆபீஸ் நம்பர் தேடி மேடத்தைக் கூப்பிட்டேன். மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மனசு லேசானது.

அந்தம்மா கடைசி வரை கேட்டார். பிறகு, மரியாதையாகத்தான் சொன்னார்: "அப்ப அவ எழுதிக் கொடுத்தது உண்மையில்ல. இனி அவ கொண்டுவர்ற ஒவ்வொரு ரிசல்ட்டையும் நான் உக்காந்து சரிபார்க்கணும், இல்லையா?"

அவள் நல்ல பிள்ளை, என்னைக் காப்பாற்றத்தான் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

ஒரு மூட்டையில் சந்தேகம் என்றால் அந்தப் பார்ட்டியின் எல்லா மூட்டையிலும் குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுத்துப் பார்க்கிறவன் நான். அந்தம்மாவைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை 16, புதன்

வாட்ஸ்ஆப்பில் ந.: "மேடம் கூப்பிட்டுப் பேசினாங்க. இனிமே எனக்காக எதையும் சரிபண்ண வேண்டாம் அத்தா."

நாலு வரி எழுதினேன், அழித்தேன். சரி என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள், நீலக் குறி விழுந்தது.

அடுக்களையிலிருந்து ஹாஜிரா: "யாரு, பிள்ளையா? என்னைக்கு வருதாம்?"