சமையலறைச் சுவரின் துளை

நவம்பர் 3

இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் தனியாக மாடிப்படி இறங்கினேன். கீழே மெரெரிட் முன்கதவுக்கடியில் காற்று புகாதபடி ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஆயுசெல்லாம் பேருந்து ஓட்டியவள்; எதைத் தொட்டாலும் ஒழுங்காக முடிப்பாள். பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நான் ஆணி அடித்தால் விரல்தான் நசுங்கும். இந்தப் பழைய கல்வீட்டில் எங்களோடு காற்றும் குடியிருக்கிறது.

"இந்தக் குளிர்ல உன் இடுப்பு எப்படி ஆறும்?" என்கிறாள். எனக்காகத்தான் எல்லாம்.

நவம்பர் 9

தரைப்பலகை இடுக்குகளை அடைத்து முடித்தாள். மாடி ஜன்னல்கள் முடிந்தன. வீட்டுக்குள் மழைச் சத்தமே கேட்கவில்லை, அதுவும் மழை ஓயாத எங்கள் பெதெஸ்டா ஊரில்!

நவம்பர் 16

சமையலறை. பின்கதவையும் ஜன்னலையும் இறுக்கினாள். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பிவலைத் துளை உண்டு. அதன் வழியே வரும் காற்று நேராக என் முதுகில்தான் இறங்கும். அதையும் பஞ்சு வைத்து அடைத்து, பலகை அறைந்து, வெள்ளை பூசிவிட்டாள். ராத்திரி கோட் போடாமல் உட்கார்ந்து ஆட்டிறைச்சிச் சூப் குடித்தோம். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன தவம் செய்தேனோ.

நவம்பர் 22

தலைவலி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர் வழிகிறது.

நவம்பர் 25

அவளுக்கும் தலைவலி, குமட்டல். சளிக்காய்ச்சலாக இருக்கும் என்றேன். ஆனால் காய்ச்சல் இல்லை. காலையில் சந்தைக்குப் போனவள் பாடிக்கொண்டே திரும்பினாள். அடுப்பில் உலை வைப்பதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 27

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன்.

மத்தியானம் கடையிலிருந்து வந்தவள், கையில் பையோடு பாய்லர் முன்னாலேயே நின்றுவிட்டாள். நீலமாக நிற்க வேண்டிய சுடர் மஞ்சளாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. மேலே கரி படிந்திருந்தது. பையைக் கீழே போட்டாள்.

"இத்வால், எந்திரி. இப்பவே வெளிய வா."

"ஏன், என்ன ஆச்சு?"

"வெளிய போனா தலைவலி போயிடுது, வீட்டுக்குள்ள வந்தா வந்துடுது. காய்ச்சல் இப்படி வீடு பார்த்தா வரும்?"

பாய்லரை அணைத்தாள், கதவைத் திறந்துபோட்டாள், என்னைக் கக்கத்தில் தாங்கி எதிர்வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்துதான் எரிவாயு அவசர உதவிக்குப் பேசினாள். ஆஸ்பத்திரியில் சோதித்தால், இரண்டு பேர் ரத்தத்திலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுப்புகை இருக்கிறதாம். ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிவிட்டார்கள்.

நான் தனியாக இருந்திருந்தால்? மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவ்வளவுதான். வேறென்ன.

நவம்பர் 29

எரிவாயுப் பணியாளர் ஐவர் என்பவர் வந்தார். எங்கள் பாய்லர் பழைய மாதிரி. எரியத் தேவையான காற்றைச் சமையலறையிலிருந்துதான் எடுக்கிறது. துளை அதற்காக வைத்தது. துளையும் இடுக்குகளும் அடைபட்டதும், போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்து, மேலே போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

"வீட்டை இறுக்கறது நல்லதுதான், பாய்லர் மூச்சு விடற வழிய யார் அடைச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மெரெரிட் சொன்னாள்: "நான்தான்."

அதற்கு மேல் ஒரு சாக்கு இல்லை. உளியை எடுத்து வந்து, தான் அறைந்த பலகையைத் தானே பெயர்த்தாள். எத்தனையோ தலைமையாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தருக்கும் அந்த ஒற்றைச் சொல் வந்ததில்லை.

டிசம்பர் 2

ஐவர் புகைக்குழாயைச் சுத்தம் செய்து, துளைக்கு மூட முடியாத வலை மாட்டி, சோதித்துப் பார்த்தபிறகே பாய்லரைப் பற்றவைத்தார். நச்சுப்புகை வந்தால் கத்தும் கருவியும் வைத்தாயிற்று.

துளையிலிருந்து காற்று வருகிறது. மெரெரிட் என் நாற்காலியை எதிர்ச்சுவருக்குத் தள்ளிப்போட்டாள். இவ்வளவுதான் வேண்டியிருந்ததா!

டிசம்பர் 7

கூட்டத்தில் பேசவே கூசுகிறவள், இன்று தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் எழுந்தாள். என் புருஷனைக் கொல்லப் பார்த்தேன் என்றுதான் தொடங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டை அடைக்கிறதுக்கு முன்னால் பாய்லரைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டிசம்பர் 12

இப்போதெல்லாம் தெருவில் யார் ஜன்னல் இறுக்கினாலும் இவளைக் கூப்பிடுகிறார்கள். முதலில் ஐவரை அழைத்துப் போகிறாள், அப்புறம்தான் ரப்பர் பட்டை. இன்று கோடிவீட்டு ஹியூ. மனிதர் காற்றுத்துளைக்கு முன்னால் அலமாரியையே நிறுத்தியிருந்தாராம். இவள் நகர்த்திவிட்டாள். குளிருது, குளிருது என்று வாசல்வரை வந்து முணுமுணுத்தாராம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"குளிருதுன்னு சொல்ல நீங்க உயிரோட இருக்கீங்கல்ல, அது போதும்னேன்."

கையைக் கழுவிக்கொண்டு தேநீருக்கு நீர் வைத்தாள்.