அணையாத டயர்

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வலி குறைந்துவிட்டது, உன்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் என்பது எந்த ஊர் நியாயம்?

தண்ணீர் வரவில்லை என்று போன மாதம் நம் தெருவில் ஒரு டயரைக் கொளுத்தினார்களே, அது அன்றே அணைந்துவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது. இப்போது ரோட்டில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும். வாசல் மரத்துப் பூக்கள் அந்த வட்டத்துக்குள் உதிர்கின்றன. பிள்ளைகள் அதைத் தீவு என்று சொல்லி, உள்ளே குதித்து விளையாடுகிறார்கள். திரும்பி டி.வி.யைப் பார்த்தால் அதே இடத்தில் டயர் எரிகிறது. ஜன்னலில் பூ, பெட்டியில் தீ. எது கனவு என்று எனக்கே ஒரு கணம் புரிவதில்லை.

தீக்குப் பின்னால் நம் டெய்லர் கடை போர்டு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்துப் பயந்து, துணி கொடுக்க யாரும் வருவதில்லை. செய்திக் காட்சிகளை வெட்டி ஒட்டுபவன் நீதானே, அதை எடுத்துவிடேன்.

பாசத்துடன்,
அக்கா

ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

எங்கே தகராறு என்றாலும் அந்தக் காட்சியைத்தான் போடுகிறோம். கேமரா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எங்களிடம் வேறு நல்ல தீ இல்லை. போர்டையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

டெய்லரிடம் என் சட்டைத் துணி இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்.

உன் தம்பி

ஜூலை 2

தம்பி,

நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பையன் ஒரே ஒருநாள் தாமதமாக வந்தான். தினமும் அதைச் சொல்லிக் கேலி செய்தோம். வருடக் கடைசியில் அவன் அம்மாவே, "இவன் எப்பவும் லேட்டுதான் டீச்சர்" என்றாள்.

நேற்று டெய்லர் கடையில் உட்கார்ந்திருந்தேன். டி.வி.யில் தீ வந்ததும் அவர் மிஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"நேத்தும் எரிச்சாங்களா டீச்சர்?"

"நாள் முழுக்க நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"இருக்கேன். ஆனா காட்டுறாங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. மாமனார் ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டில் பேச்சாம். சீக்கிரம் ஏதாவது செய்.

அக்கா

ஜூலை 11

அக்கா,

எடுத்துவிட்டேன். மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், பரவாயில்லை. இனி அவர் கடை எரியாது என்று சொல்.

தம்பி

ஜூலை 15

என் தம்பிக்கு,

உன் கடிதத்தோடு ஓடினேன். தையல் மிஷின் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. இனிமேல் காட்ட மாட்டார்கள் என்று சொன்னேன்.

"காட்டக்கூட முடியாத அளவுக்குப் போயிடுச்சா டீச்சர்?" என்றார் டெய்லர்.

நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக்கொண்டே ஷட்டரை இறக்கினார். உன் சட்டையைத் தைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தார். "தம்பிய இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க, நிலைமை சரியில்ல" என்று என் கையில் கொடுத்தார்.

சட்டை ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறது. வந்து போட்டுப் பார். இரண்டு நாளாக மழை. வட்டம் கரைந்துபோய்விட்டது. பிள்ளைகள் குடையோடு நின்று தீவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா