ஐசோலேட்டருக்காக எடுத்த விடுப்பு

மார்ச் 3
முப்பது நாள் விடுப்பில் முதல் நாள். இன்று கிளம்பியிருக்க வேண்டும். நேற்று சோதனைக்காக, படுக்கையும் அடுப்புமாக ஊர் சுற்ற வாங்கிய வீட்டு வண்டிக்குள் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் பகல் முழுக்க ஓடவிட்டோம். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. என்ஜின் பேட்டரியையும் சேர்த்து உறிஞ்சிவிட்டன. அதையும், ஃபிரிட்ஜ் ஃபேனுக்கான வீட்டு பேட்டரியையும் பிரித்துவைக்க ஐசோலேட்டர் வேண்டுமாம். "ரெண்டு நாள்ல வாங்கிடலாம்" என்றார் இவர். கொள்முதல் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மூன்று இடத்தில் விலை கேட்காமல் குண்டூசிகூட வாங்கியதில்லை.

மார்ச் 7
ஐசோலேட்டரில் இரண்டு வகை. டயோடு வகை மலிவு. ஆனால் வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும், வீட்டு பேட்டரி முழுதாக நிரம்பாது. ரிலே வகை, என்ஜின் ஓடினால் இரண்டையும் சேர்க்கும், நின்றால் பிரிக்கும். இனி நானே கடை வைக்கலாம்.

மார்ச் 12
எலெக்ட்ரீஷியன் வந்தார். ரிலே போதும், ஒரு மணி நேர வேலை என்றார். அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார் இவர். எலெக்ட்ரீஷியன் என் பக்கம் திரும்பி, "அக்கா, சார் வண்டிக்குப் போடுறாரா, ராக்கெட்டுக்கா?"

மார்ச் 13
வண்டி வாசலில்.

மார்ச் 19
நாத்தனார் போனில், "எந்த ஊர்ல இருக்கீங்க அண்ணி?" வாசலில் என்று சொல்ல வாய் வரவில்லை. மலைப்பக்கம், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். பதினேழு நாள் போயிற்று. இப்படி ஒரு விடுப்பு இனி எப்போது கிடைக்கும்? நானும் ஏன் சத்தம் போடவில்லை — எட்டு மணிக்கு எழுவது சுகமாக இருக்கிறதோ?

மார்ச் 21
கேட்டேவிட்டேன். ரிலேயில் அப்படி என்னதான் குறை? கையில் இருந்த விலைப்பட்டியலை மடித்துவைத்தார் இவர். பிறகு, "ரிலேல ஒண்ணும் இல்ல. வண்டிய எடுத்துட்டு வந்த அன்னிக்கு ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. அதுலேர்ந்து ஸ்டீயரிங்கத் தொடவே பயமா இருக்கு. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

பாவம், ஒன்றும் செய்யாத டயோடையும் ரிலேயையும் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

"நான் ஓட்டுறேன்" என்றேன். எனக்கும் பயம்தான். சொல்லவில்லை. வீட்டுக்கு ஒருத்தர் பயந்தால் போதும்.

மார்ச் 23
ரிலே மாட்டியாயிற்று. ஐம்பது நிமிஷம்.

மார்ச் 25
நூற்றெழுபது கிலோமீட்டர். ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. ஏரிக்கரையில் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்த, இவர் இறங்கி நின்று கை காட்டினார். "வா... வா... இன்னும் வா." பின்னால் இரண்டு லாரி நிற்கலாம், அவ்வளவு இடம். இவர் போதும் என்று சொல்லும்வரை அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தேன்.